ஏ9 வீதியின் ஆமிக் கடைகள்: சாப்பிடுவதா, விடுவதா?

ஏ9 வீதியால் வடக்கேயும் தெற்கேயும் போய்வரும் வன்னிக் குடும்பங்களுக்குள், போர் முடிந்த காலத்திலிருந்தே ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. வானை எந்தக் கடை வாசலில் நிறுத்துவது? இராணுவத்தினர் நடத்தும் சிற்றுண்டிச்சாலையில் தேத்தண்ணி மலிவு, மலசலகூடம் சுத்தம், வாகனம் நிறுத்த இடமும் தாராளம். ஆனால் வானுக்குள் இருப்பவர்களில் ஒருவராவது அங்கே இறங்க மாட்டார். மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வெயிலுக்குள் இருந்தபடி வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் வீட்டில் அந்த ஒருவர் அம்மா. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவருடைய கடைசித் தம்பி, எங்கள் சின்ன மாமா, வீடு திரும்பவில்லை. வானை அந்தக் கடையில் நிறுத்துகிறவர் அத்தான், அக்காவின் கணவர். வாடகை வான் ஓட்டி மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர். அவருக்கு அம்மாவில் நல்ல மரியாதை. இந்த ஒரு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். அக்கா இரண்டு பக்கமும் பேச மாட்டா. நான் செய்தியாளர் என்பதால் இரண்டு பேரும் என்னிடம்தான் நியாயம் கேட்பார்கள்.

அவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கியபோதுதான், ஒரே கேள்வி என்று நாங்கள் நினைத்துச் சண்டை பிடித்ததற்குள் மூன்று கேள்விகள் கலந்துகிடப்பது விளங்கியது. ஒன்று, காசு பற்றியது. இரண்டாவது, ஒரு இராணுவம் கடை நடத்தலாமா என்பது. மூன்றாவது, இழப்பைப் பற்றியது. ஒரு கேள்விக்கான பதிலை இன்னொன்றுக்குச் சொல்வதால்தான் இந்த வாக்குவாதம் முடிவதே இல்லை.

இந்தக் கடைகள் வந்த கதை

1990இல் மூடப்பட்ட ஏ9 வீதி, 2002 போர்நிறுத்த உடன்படிக்கையோடு திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடியும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின் படிப்படியாகத் திறந்தார்கள். அப்போது வீதியின் இரு பக்கமும் கூரையில்லாத சுவர்களும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளும்தான் இருந்தன. வன்னியின் சனம் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளத்து மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களுக்குள் இருந்தார்கள். அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்தான். கடை வைத்திருந்தவர்கள் முகாமுக்குள் இருக்க, வீதி திறந்துவிட்டது.

திறந்த வீதியால் முதலில் வந்தவர்களில் பெரும்பகுதி தென்னிலங்கையிலிருந்து பேருந்து பேருந்தாக நயினாதீவுக்கும் போர்க்களங்களைப் பார்ப்பதற்கும் வந்த மக்கள். கிளிநொச்சியில் விழுந்துகிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க நிறுத்துவார்கள். அதன் பக்கத்திலேயே நினைவுப் பொருட்கடை ஒன்றும் இருந்தது. ஆனையிறவில் இறங்கிப் படம் எடுப்பார்கள். இவர்களுக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் பணிஸும் கொடுக்க, வீதியோரம் காணியும் ஆட்களும் வாகனங்களும் இருந்த ஒரே அமைப்பு இராணுவம். அப்படித்தான் முகாம் வாசல்களிலும் காவலரண்களுக்குப் பக்கத்திலும் இந்தக் கன்ரீன்கள் முளைத்தன.

சர்வதேச நெருக்கடிக் குழு 2012 மார்ச்சில் வடக்கைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, படையினரின் கடைகளும் விவசாயமும் உள்ளூர் மக்களின் வருமானத்தோடு போட்டியிடுவதைப் பேசியது. அதே ஆண்டு நந்திக்கடல் ஓரத்தில் 'லகூன்ஸ் எட்ஜ்' என்ற விடுமுறை விடுதியையும் இராணுவம் கட்டித் திறந்தது. யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறையில் 'தல்செவன' விடுதி. இவை வசதியுள்ளவர்கள் தங்குமிடங்கள். வன்னிச் சனம் தினமும் கடந்துபோவது வீதியோரத் தேத்தண்ணிக் கடைகளைத்தான்.

மலிவு எங்கிருந்து வருகிறது?

அத்தானின் வாதம் எளிமையானது. "மாமி, நான் அரசியல் கதைக்கேல்லை. மூண்டு பிள்ளையள், ரெண்டு பெரிய ஆக்கள். வெளிக்கடையில சாப்பிட்டால் அண்டைய ஓட்டத்தில எனக்கு ஒண்டும் மிஞ்சாது." இதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. 2022 நெருக்கடியில் சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று 4,860 ரூபாவுக்குப் போன பிறகு, வெளியில் சாப்பிடுவது என்பதே பல குடும்பங்களுக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய காரியமாகிவிட்டது.

ஆனால் அந்தக் கணக்கை அடுப்படிப் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். வன்னியில் தனியாக ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் காணி வாடகை கட்டுகிறார், அல்லது காணிக்கே உறுதி இல்லாமல் எப்போது எழுப்புவார்களோ என்று இருக்கிறார். பிரதேச சபைக்கு வியாபார உரிமக் கட்டணம் கட்டுகிறார். மா, சீனி, பால்மா எல்லாம் சில்லறை விலையில் அல்லது கடனுக்கு வாங்குகிறார். மின்சாரப் பட்டியல் அவருடைய பெயரில் வருகிறது. உதவிக்கு ஒருவரை வைத்தால் நாட்சம்பளம் கொடுக்க வேண்டும். கடையைத் தொடங்கவே நுண்கடன் எடுத்திருந்தால் கிழமைக்குக் கிழமை கடன்காரர் வாசலுக்கு வருவார். அந்தக் கடன்கள் எவ்வளவு தூரம் பெண்களை நெரித்தன என்றால், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது.

இப்போது பக்கத்தில் இருக்கும் இராணுவக் கன்ரீனைப் பாருங்கள். காணி அரச காணி, அல்லது இன்னும் விடுவிக்கப்படாத யாரோ ஒருவருடைய காணி. தேத்தண்ணி ஊற்றுகிறவருக்கும் மேசை துடைக்கிறவருக்கும் சம்பளம் பாதுகாப்பு அமைச்சின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. கடையில் வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதம் முடியச் சம்பளம் விழும். சாமான் ஏற்ற முகாமின் வாகனம் இருக்கிறது. மரக்கறி தர வன்னியிலேயே படையினரின் பண்ணைகள் இருக்கின்றன. ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குள் தேயிலையும் சீனியும் தண்ணீரும் மட்டும்தான் செலவு என்றால், அதை எந்த விலைக்கும் கொடுக்கலாம்.

மிச்சச் செலவை யார் கட்டுகிறார்கள்? நாங்கள்தான். பால்மா வாங்கும்போதும் பெற்றோல் அடிக்கும்போதும் தொலைபேசிக்குக் காசு போடும்போதும் கட்டுகிற வரியிலிருந்து அந்தச் சம்பளம் போகிறது. கடையில் மலிவாகக் கிடைத்தது, வேறு வழியால் எங்களிடமிருந்து முதலே எடுக்கப்பட்டுவிட்டது. வாடகை வான்காரரான அத்தானும் அதில் பங்காளி, பக்கத்துக் கடைப் பெண்ணும் பங்காளி. தன்னுடைய போட்டியாளரின் சம்பளத்தைத் தானே கட்டும் வியாபாரி அவர்.

இதை நான் விளங்கப்படுத்தியபோது அத்தான் ஒரு கேள்வி கேட்டார். "அப்ப அந்த மலசலகூடம்? வெளிக்கடையில எங்க இருக்கு?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. நீண்ட பயணத்தில் பெண்களும் சின்னப் பிள்ளைகளும் படும் பாட்டை ஏ9ஆல் போனவர்கள் அறிவார்கள். பல குடும்பங்களை அந்தக் கடை வாசலுக்குள் திருப்புவது பசியைவிட இதுதான்.

சாதாரண இடத்தில் இராணுவக் கடை, வன்னியில் இராணுவக் கடை

உலகத்தில் இராணுவங்கள் வியாபாரம் செய்வது புதிது அல்ல. பாகிஸ்தானில் 1954இல் தொடங்கிய 'ஃபௌஜி' அறக்கட்டளை உரம், சீமெந்து முதல் காலை உணவுத் தானியம் வரை விற்கிறது. அந்த நாட்டின் ஆய்வாளர் ஆயிஷா சித்தீக்கா 2007இல் எழுதிய நூல் இந்தப் பொருளாதாரத்தையே அலசியது. எகிப்தில் இராணுவம் போத்தல் தண்ணீரும் பாஸ்தாவும் விற்கிறது, எரிபொருள் நிலையங்கள் வைத்திருக்கிறது. 2022இல் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் பெறும்போது, அரசுக்கும் இராணுவத்துக்கும் சொந்தமான நிறுவனங்களுக்குக் கிடைத்துவந்த சலுகைகளைக் குறைப்பதாக அந்த நாடு ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அங்கெல்லாம் வரும் முறைப்பாடும் எங்கள் தேத்தண்ணிக் கடைப் பெண்ணின் முறைப்பாடுதான்: வாடகையும் சம்பளமும் இல்லாதவனோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

வன்னியில் இதற்கு மேலே இன்னொரு பாரம் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 92,000. அடையாளம் கொள்கை ஆய்வு மையமும் 'பேர்ள்' அமைப்பும் 2017இல் வெளியிட்ட அறிக்கை, அந்த மாவட்டத்தில் குறைந்தது இரண்டு பொதுமக்களுக்கு ஒரு படைவீரர் என்ற அளவில் இராணுவம் நிலைகொண்டிருப்பதாக மதிப்பிட்டது. அந்த அளவு படை இருக்கும் இடத்தில், கடை என்பது கடையாக மட்டும் இருப்பதில்லை. முன்பள்ளி ஆசிரியைக்குச் சம்பளம் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்திலிருந்து வருகிறது. வேலை இல்லாத இளைஞருக்கு அதே திணைக்களத்தின் பண்ணையில் வேலை கிடைக்கிறது. முகாமுக்குள் போன காணியைக் கேட்டு வீதியில் குந்தியிருப்பவரும் அதே ஊர்க்காரர்தான்.

கேப்பாப்புலவுக்குப் போய்வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மெனிக் பாமிலிருந்து கடைசியாக வெளியேற்றப்பட்ட அந்த மக்கள் சொந்த ஊருக்கு அனுப்பப்படவில்லை. பக்கத்தில் ஒரு 'மாதிரிக் கிராமத்துக்கு' அனுப்பப்பட்டார்கள். 2017 ஜனவரி 31ஆம் திகதி பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாசலில் குந்தினார்கள். ஒரு மாதம் கழித்து, மார்ச் 1ஆம் திகதி, அவர்களுடைய காணி கிடைத்தது. மற்ற பகுதி மக்களின் போராட்டம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. தன் வளவுக்குள் தானே கால் வைக்க முடியாமல் இருந்தவரிடம், வேலிக்கு உள்ளே விளைந்த மரக்கறியில் செய்த றோலை வாங்கிச் சாப்பிடச் சொல்வதில் இருக்கும் சங்கடம் கணக்குப் புத்தகத்துக்குள் வராது.

"பாண்டியன்ல சாப்பிடேக்க ஆர் கேட்டது?"

அத்தானின் இரண்டாவது வாதம் கொஞ்சம் சூடானது. சமாதான காலத்தில் கிளிநொச்சியில் 'பாண்டியன் சுவையூற்று' இருந்தது. புலிகளின் நிர்வாகத்தில் நடந்த உணவகம். 2002க்குப் பிறகு கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள் அங்கே சாப்பிடாமல் போனது குறைவு. 'சேரன்', 'பாண்டியன்' என்ற பெயர்களில் வேறு வாணிபங்களும் இருந்தன. அதுவும் ஆயுதம் வைத்திருந்தவர்கள் நடத்திய கடைதானே, அங்கே அம்மா ஐஸ்கிறீம் வாங்கித் தந்தவதானே என்று அத்தான் கேட்பார்.

இந்தக் கேள்வியை மூடி மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது. பொருளாதாரக் கணக்கில் அத்தான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயுத அமைப்பு ஒன்று கடை நடத்தும்போது பக்கத்தில் தனியாகக் கடை வைத்திருப்பவர் விலை குறைக்கவும் முடியாது, வாய் திறந்து முறையிடவும் முடியாது. அன்றும் அப்படித்தான். ஒரு இயக்கம் செய்தால் சரி, ஒரு இராணுவம் செய்தால் பிழை என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு வேறு காரணம் காட்ட வேண்டும்.

அம்மா காட்டும் காரணம் வேறு இடத்திலிருந்து வருகிறது. "அங்க பரிமாறின பிள்ளையளின்ர தாய்மாரை எனக்குத் தெரியும்" என்பார். அவருடைய மனதில் பாண்டியன் ஊருக்குள் இருந்த கடை. இது ஊருக்கு மேல் வைக்கப்பட்ட கடை. என்னுடைய மதிப்பில் இது முழுப் பதில் ஆகாது, ஆனால் பொய்யும் இல்லை. ஒரே வகையான கடை இரண்டு பேருக்கு இரண்டு அர்த்தம் கொடுப்பதைக் கணக்கால் தீர்க்க முடியாது. நாங்கள் செய்யக்கூடியது, அன்றைய கடையைப் பற்றிக் கேட்கத் தவறிய கேள்வியை இன்றைய கடையைப் பற்றியாவது சரியாகக் கேட்பது. சனத்தின் சந்தைக்குள் ஆயுதம் வைத்திருப்பவருக்கு என்ன வேலை?

அங்கே சாப்பிடுகிறவர்கள் யார்?

இந்த வாக்குவாதத்தில் ஒரு பெரிய அநியாயம் நடப்பது, சாப்பிடுகிறவர்களைத் 'துரோகி' என்று ஒரு சொல்லால் முடித்துவிடும்போது. 2018 யூனில் விசுவமடுவில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளுக்குப் பொறுப்பாக இருந்த இராணுவ அதிகாரி ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனபோது, அங்கே வேலை செய்த தமிழர்கள் அவரைத் தூக்கிச் சென்று, மாலை போட்டு, அழுது வழியனுப்பினார்கள். அழுதவர்களில் முன்னாள் போராளிகளும் இருந்தார்கள். படங்கள் வெளியானதும் தெற்கில் அதை நல்லிணக்கத்தின் சாட்சியாகக் காட்டினார்கள். எங்களில் பலர் அந்த மக்களைத் திட்டித் தீர்த்தார்கள்.

புனர்வாழ்வு முடித்து வந்த ஒருவரைத் தனியார் வேலைக்கு எடுக்கப் பயந்தார்கள். அவர் கடன் கேட்டால் பிணை நிற்க ஆளில்லை. மாதம் முடியச் சம்பளம் தந்து, வீட்டில் அடுப்பு எரிய வழி காட்டியவர் ஒரு மனிதராக நல்லவராகவும் இருந்திருந்தால், அவர் போகும்போது கண்ணீர் வருவதில் என்ன குற்றம்? அந்தக் கண்ணீர் உண்மை. அந்த வேலையைக் கொடுக்க விவசாயத் திணைக்களமோ கூட்டுறவுச் சங்கமோ தனியார் தொழிற்சாலையோ இல்லாமல் சீருடைத் திணைக்களம் ஒன்றுதான் இருந்தது என்பதும் உண்மை. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பேசுகிறவர்கள் அந்தப் படத்தில் பாதியைத்தான் பார்த்தார்கள்.

கன்ரீனில் இறங்கும் எங்கள் சனமும் இப்படித்தான். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கிய நாட்களில், செய்தி எடுக்கப் போய் அங்கேயே பல மணி நேரம் இருந்திருக்கிறேன். அங்கே இருந்த தாய்மாரில் இந்தக் கடைகளின் தண்ணீர்கூடத் தொடாதவர்கள் இருந்தார்கள். பஸ் நின்ற இடத்தில் இறங்கிப் பிளேன்ரீ குடித்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் யாருடைய தேடல் குறைந்தது என்று அளக்க என்னிடம் தராசு இல்லை, உங்களிடமும் இருக்க முடியாது.

புறக்கணிப்பால் என்ன ஆகும்?

மியன்மாரில் 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, மக்கள் இராணுவத்தோடு தொடர்புள்ள பொருட்களை வாங்குவதை நிறுத்தினார்கள். அதில் முக்கியமானது 'மியன்மார் பியர்'. கடைகளும் மதுச்சாலைகளும் அதை எடுத்து ஒதுக்கின. அந்தப் பியர் நிறுவனத்தில் இராணுவ நிறுவனத்தோடு பங்காளியாக இருந்த ஜப்பானின் கிரின் நிறுவனம் பிறகு அந்த நாட்டை விட்டே வெளியேறியது. புறக்கணிப்பு வேலை செய்யாது என்று சொல்கிறவர்களுக்கு இது ஒரு பதில்.

ஆனால் அங்கே வாங்கியவர்களும் நாட்டு மக்கள், நிறுத்தியவர்களும் நாட்டு மக்கள். எங்கள் வீதியில் நிலைமை அப்படி இல்லை. கன்ரீன் வாசலில் நிற்கும் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் தெற்கிலிருந்து வருகின்றன. வன்னிக் குடும்பங்கள் எல்லாம் நாளைக்கே நிறுத்தினாலும் அந்த அடுப்பு அணையாது. ஆகவே அம்மாவின் மறுப்பை நான் ஒரு பொருளாதார ஆயுதமாகப் பார்க்கவில்லை. அது ஒரு துக்கம் காக்கும் முறை. வீட்டில் சாவு விழுந்தால் அடுப்பு மூட்டாமல் இருப்பதுபோல. சின்ன மாமாவுக்கு என்ன நடந்தது என்று தெரியாததால் எட்டும் செய்யவில்லை, முப்பத்தொன்றும் செய்யவில்லை. காக்க வேண்டிய துக்கத்தை அவர் இப்படிக் காக்கிறார். அதற்கு விலைப்பட்டியலைக் காட்டி வாதாடுவது எங்கள் பிழை. அதேபோல, அவருடைய துக்கத்தை அத்தானின் பிள்ளைகளின் தட்டுக்கு மேலே சட்டமாக வைப்பதும் சரிவராது. மூத்த மருமகன் 2010இல் பிறந்தவன். அவனுக்குக் கதையைச் சொல்லலாம். பசியோடு இருத்தி அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மாற்று இருக்கிறது

புறக்கணிப்பின் வலிமை அந்தக் கடையில் கொடுக்காத காசில் குறைவு. வேறு கடையில் கொடுக்கும் காசில் கூட. இதற்கு வன்னியிலேயே உதாரணம் உண்டு. வடக்கு மாகாண சபை இயங்கிய காலத்தில், அதன் விவசாய அமைச்சின் கீழ் 'அம்மாச்சி' உணவகங்கள் வந்தன. கண்டி கன்னொறுவையில் விவசாயத் திணைக்களம் தொடங்கிய 'ஹெல பொஜுன்' உணவகங்களின் அமைப்பைத் தழுவியவை. ஒரே கூரையின் கீழ் பெண்கள் ஆளுக்கொரு அடுப்பில் தோசை, பிட்டு, கூழ், இலைக்கஞ்சி, குரக்கன் பலகாரம் என்று கண்முன்னே செய்து விற்பார்கள். விலையும் மலிவு.

அங்கேயும் அரசு கட்டிய கட்டடம் இருக்கிறது. ஆகவே அரச உதவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. உதவி யாருடைய கைக்குப் போகிறது என்பதுதான் வேறுபாடு. அம்மாச்சியில் பிட்டு அவித்த பெண்ணின் சீலைத் தலைப்பில் அன்றைய உழைப்பு முடிச்சாக வீட்டுக்குப் போகிறது. கணவனை இழந்து பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் பெண்கள் நிறைந்த மாவட்டங்களில் இதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் பக்கத்துக் கடைகளில் கச்சானும் தேத்தண்ணியும் வாங்கும் பழக்கம் போருக்கு முதலிருந்தே இருப்பது. வீதியால் போகிறவரின் காசு ஊருக்குள் இறங்குவதற்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு வழி இருந்திருக்கிறது.

அத்தானின் மலசலகூடக் கேள்விக்கும் இங்கேதான் பதில் தேட வேண்டும். 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு பிரதேச சபைகளில் மறுபடியும் மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். வவுனியா வடக்கு, கரைச்சி, பச்சிலைப்பள்ளி சபைகள் ஏ9 ஓரத்தில் இருப்பவை. தண்ணீர் வசதியோடு ஒழுங்காகப் பராமரிக்கும் பொது மலசலகூடமும், அதற்குப் பக்கத்தில் உள்ளூர்ப் பெண்களுக்குக் குறைந்த வாடகையில் நாலைந்து கடைகளும், பேருந்து நிறுத்த இடமும் ஒரு சபையின் சக்திக்கு அப்பாற்பட்ட திட்டம் அல்ல. தேர்தல் மேடையில் இராணுவமே வெளியேறு என்று முழங்கியவர்களிடம் இதைக் கேட்கலாம்.

கேட்க வேண்டியவர்களிடம் கேட்பது

படையினர் சிவில் காரியங்களிலிருந்து விலக வேண்டும் என்பது தமிழர்களின் தனிக் கோரிக்கை அல்ல. மஹிந்த ராஜபக்ஷ அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2011 டிசம்பரில் வெளியான அறிக்கையில் வடக்கு சிவில் நிர்வாகத்துக்குத் திரும்ப வேண்டும் என்றது. 2015 ஒக்ரோபரில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கையும் இணை அனுசரணை கொடுத்த 30/1 தீர்மானம், சிவில் நடவடிக்கைகளில் இராணுவ ஈடுபாட்டை முடிவுக்குக் கொண்டுவருவதைக் குறிப்பிட்டது. 2023 ஜனவரியில், சட்டப்படி 200,783 ஆக இருந்த இராணுவ ஆளணியை அடுத்த ஆண்டுக்குள் 135,000 ஆகவும் 2030க்குள் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாகப் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சு அறிவித்தது. ஆட்களைக் குறைக்கப்போகும் ஒரு படைக்குத் தேத்தண்ணி ஊற்ற ஆள் எதற்கு என்பது நியாயமான கேள்வி.

இந்தோனேசியா இதைச் சட்டத்தால் செய்யப் பார்த்தது. சுகார்த்தோ காலத்தில் பெருத்திருந்த இராணுவ வியாபாரங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிடாது. ஆனால் பேசுவதற்கு ஒரு தவணையும் ஒரு விதியும் இருந்தன. எங்களிடம் அப்படி ஒரு தவணை இல்லை. இந்தக் கன்ரீன்களின் இலாபம் எவ்வளவு, அது எங்கே போகிறது என்ற கணக்கும் வன்னிச் சனத்தின் முன் வைக்கப்படவில்லை.

அதைக் கேட்க வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் ஒரு அரச அதிகாரசபையிடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ஒரு வீதியோரக் கடையின் வருமானமும், அது நிற்கும் காணி யாருடையது என்பதும், பிரதேச சபைக்கு அது உரிமக் கட்டணம் கட்டுகிறதா என்பதும் நாட்டின் பாதுகாப்போடு எப்படிச் சம்பந்தப்படும் என்று அவர்கள்தான் விளக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், கடைசியில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வரை போகலாம். காணி, உரிமக் கட்டணம் இரண்டையும் பிரதேச செயலகத்திடமும் பிரதேச சபையிடமும் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம்.

எங்கள் வீட்டில் இந்த விடயம் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. நான் அந்தக் கடைகளில் சாப்பிடுவதில்லை. என் காரணம் அம்மாவின் காரணத்தைவிடச் சிறியது: பக்கத்துக் கடைக்காரிக்கு நான் கொடுக்கும் காசு அவருடைய அடுப்புக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியும், மற்றக் காசு எங்கே போகிறது என்பது தெரியாது. அத்தான் இறங்கினால் அவரைக் குறை சொல்வதையும் விட்டுவிட்டேன். நாலு பேர் ஒரு வானுக்குள் இருந்து ஒருவரை ஒருவர் குற்றவாளியாக்கிக்கொண்டிருக்கும்போது, கணக்குக் காட்ட வேண்டியவர்களிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. போன மாதம் அத்தானும் நானும் இருந்து தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் ஒன்றை எழுதினோம். கேள்விகள் மூன்று. மூன்றாவது கேள்வியை அம்மா சொல்ல அத்தான் எழுதினார்: அந்தக் கடை நிற்கிற காணி ஆற்றை காணி?